சரக்கு தீர்ந்துபோச்சா? – வாசகர் கேள்வி பதில்

பல வேலை மாறினவங்க, வேலை மாறாட்டியும் வருஷக்கணக்கா ஏதாவது ஒண்ணை உருவாக்கிக்கிட்டே இருக்கிறவங்க உங்க சந்தேகத்தை எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன், கடிதங்கள் வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்தையும் படிச்சேன். ஒரே மாதிரி கேள்விகள் நிறைய இருந்ததால ஒவ்வொரு வகையிலயும் ஒருத்தரோட கடிதத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன், பேர் வேண்டாம்னு பலபேர் கேட்டிருந்ததால யார் பேரும் போடல.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு. இன்ஜினியரிங் முடிச்சு ஃபேக்டரியில இருந்தேன், மெஷின் நின்னுபோனா ஏன்னு பிரிச்சுப் பார்க்கிறது அப்ப ரொம்பப் பிடிக்கும். அப்புறம் விளம்பரக் கம்பெனியில விளம்பர வாசகம் எழுதினேன், அப்புறம் பாடம் எடுத்தேன், கஷ்டமான விஷயத்தை உடைச்சு உடைச்சு சொல்லிக் குடுக்கிறதுல ஒரு சந்தோஷம் இருந்துச்சு. இப்ப வீடியோ எடிட்டிங். கூடப் படிச்சவங்க எல்லாம் ஒரே லைன்ல மேல போயிட்டாங்க, நான் எதுலயும் வேர் விடல. இப்ப புதுசா எதுவும் தோணவும் மாட்டேங்குது. இத்தனை வருஷமும் வேஸ்ட்டா?

பதில்: தம்பி, வேஸ்ட் இல்ல. ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்காதீங்க, உங்க கடிதத்தையே திரும்ப ஒரு தடவை படிச்சுப் பாருங்க. நின்னுபோன மெஷினைப் பிரிச்சுப் பார்க்கிறது, பெரிய பாடத்தை உடைச்சு உடைச்சு சொல்றது, இப்ப மணிக்கணக்கான ஃபுட்டேஜை வெட்டி எதுக்கு அப்புறம் எது வரணும்னு அடுக்கறது, மூணுலயும் நீங்க செய்யறது ஒரே காரியம்தான். முழுசா கிடக்கிற ஒண்ணைப் பிரிச்சு பாகங்களைப் புரிஞ்சுக்கிட்டு மறுபடி வரிசைப்படுத்தறீங்க. வேலையோட பேர் மாறிக்கிட்டே இருந்திருக்கு, உங்க ஆர்வம் அப்படியே இருந்திருக்கு. வேர் எங்கன்னு தேடினா அங்கதான் தேடணும்.

சத்யஜித் ராய் 1943-ல ஒரு விளம்பரக் கம்பெனியில படம் வரையற வேலைக்குச் சேர்ந்தவர். கூடவே ஒரு பதிப்பகத்துக்கு அட்டை டிசைன் பண்ணிக்கிட்டிருந்தார், அவங்க ஒரு வங்காள நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கிப் போட்டப்ப அதுக்கு ஓவியம் போட்டவர் அவர்தான், அப்படி வரையும்போதுதான் இதைப் படமா எடுக்கலாமேங்கிற எண்ணம் அவருக்குள்ள வந்துச்சு. 1950-ல கம்பெனி வேலையா லண்டன் போனவர் அங்க இருந்த மாசங்கள்ல கிட்டத்தட்ட நூறு படம் பார்த்தார். 1955-ல அவரோட முதல் படம் வெளிவந்துச்சு, அதுக்கு வழக்கமான ஸ்கிரிப்ட் கிடையாது, காட்சிகளை நோட்டுல வரைஞ்சு வச்சிருந்தார், அது விளம்பரக் கம்பெனியில பழகின கை. அப்புறம் 1961-ல இருந்து தன் படங்களுக்குத் தானே இசை போட்டார், போஸ்டர் வரைஞ்சார், எழுத்துருக்கள் உருவாக்கினார், சிறுவர் பத்திரிகை நடத்தினார், துப்பறியும் கதை எழுதினார். இதுல எதை அவர் வேஸ்ட்டுன்னு ஒதுக்கியிருக்க முடியும் சொல்லுங்க.

இன்னொருத்தர் டார்வின். இயற்கைத் தேர்வுங்கிற யோசனை 1838-லயே அவருக்குக் கிடைச்சாச்சு. ஆனா 1846-ல தொடங்கி எட்டு வருஷம், கப்பல் அடியிலயும் பாறையிலயும் ஒட்டிக்கிட்டு வளருமே பார்னக்கிள்னு ஒரு சின்ன ஓட்டு உயிரினம், அதை அறுத்துப் பார்த்து வகைப்படுத்திக்கிட்டே உட்கார்ந்திருந்தார், நடுவுல அதை வெறுத்தே போயிட்டதா நண்பருக்குக் கடிதம்கூட எழுதினார். வெளியில இருந்து பார்த்தா பெரிய விஷயத்தை விட்டுட்டு எங்கயோ திசைமாறிப் போன மாதிரிதான் தெரியும். ஆனா ஒரே இனத்துக்குள்ளயே உயிருக்கு உயிர் எவ்வளவு வித்தியாசம் இருக்குங்கிறதை அவர் கண்ணால பார்த்துப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டது அங்கதான், 1859-ல 'உயிரினங்களின் தோற்றம்'ங்கிற அந்தப் பெரிய புத்தகம் வந்தப்ப அந்த எட்டு வருஷமும் அவருக்குப் பக்கபலமா நின்னுச்சு.

அடுத்து, புதுசா எதுவும் தோணலைங்கிறது. இப்ப நீங்க பார்க்கிறது எல்லாமே மத்த எடிட்டர்கள் பண்ற வீடியோவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன், எல்லாரும் பார்க்கிறதையே பார்த்தா எல்லாருக்கும் தோணறதுதான் தோணும். உங்ககூட வேலை பார்க்கிற எடிட்டர்கள் எத்தனை பேர் ஒரு மெஷினைப் பிரிச்சிருப்பாங்க? வகுப்புல நின்னு பசங்க முகம் எந்த இடத்துல மங்குதுன்னு கவனிச்சிருப்பாங்க? அந்த இடம்தான் வீடியோவுல பார்க்கிறவங்க தள்ளிவிட்டுப் போற இடம், உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். பழைய வேலையில கத்துக்கிட்டதை ஒளிச்சு வைக்காம இப்போதைய மேஜைக்கு எடுத்துட்டு வாங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன், ஏன்னா மாறிக்கிட்டே இருக்கிறது எப்பவுமே நல்லதுன்னு நான் நம்பல. எந்த வேலையிலயும் முதல் ஆர்வம் வடிஞ்சு, உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிற ஒரு கட்டம் வரும், அதுவும் சலிப்பு மாதிரியேதான் இருக்கும். இங்க கத்துக்க இனிமே எதுவும் இல்லங்கிற சலிப்பா, இது கஷ்டமாகுதேங்கிற சலிப்பான்னு பிரிச்சுப் பாருங்க. ரெண்டாவதுன்னா மாறாதீங்க, இருங்க.

கேள்வி: கதை எழுதறேன் அக்கா, வயசு 26. மூட் வந்தா ஒரே ராத்திரியில பத்து பக்கம் போகும், வராட்டி வாரக்கணக்கா ஒரு வரிகூட வராது. மூடை வரவழைக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு, ஆனா நீங்க எதிர்பார்க்கிற வழி இல்ல.

அந்தோனி டிரோலப்னு 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்து நாவலாசிரியர், தபால் துறையில முழுநேர அதிகாரி. காலையில ஐந்தரைக்கு மேஜையில உட்காருவார், கடிகாரத்தை எதிர்ல வச்சுக்கிட்டு கால் மணிக்கு 250 வார்த்தைன்னு எழுதுவார், அப்புறம் ஆபீஸ் போவார். வேலை விஷயமா ரயில்ல சுத்தும்போது மடியில பலகை வச்சு பென்சில்ல எழுதுவார். இப்படியே 47 நாவல். மூட் வரட்டும்னு அவர் காத்துக்கிட்டு இருந்திருந்தா தபால் வேலை மட்டும்தான் நடந்திருக்கும்.

சரி, அவர் மெஷின் மாதிரி ஆளு, எனக்கு அப்படி வராதுன்னு சொல்வீங்க. அப்ப இன்னொரு கோடியில இருக்கிறவரைப் பார்ப்போம். பிரெஞ்சு கணித மேதை ஆன்ரி புவான்காரே, ஒரு கணக்கோட வாரக்கணக்கா மல்லுக்கட்டிட்டு அதை அப்படியே விட்டுட்டு ஒரு பயணம் கிளம்பறார், பஸ் படியில கால் வச்ச அந்த நொடியில, எதையும் யோசிக்காம இருக்கும்போது, விடை வந்து நிக்குது. இதைப் பின்னாடி அவரே எழுதி வச்சிருக்கார். எல்லாரும் பஸ் படியை மட்டும்தான் ஞாபகம் வச்சுக்கறாங்க. ஆனா அவர் அழுத்திச் சொன்னது வேற, முன்னாடி உட்கார்ந்து உழைக்காம இந்தத் திடீர் வெளிச்சம் வராது, வந்ததுக்கு அப்புறமும் உட்கார்ந்து சரிபார்க்காம அது உருப்படாது. 1926-ல கிரகாம் வாலஸ்ங்கிறவர் இதையே நாலு கட்டமா எழுதினார், தயாரிப்பு, ஊறல், வெளிச்சம், சரிபார்ப்பு. நீங்க மூட்னு சொல்றது அதுல மூணாவது. முதல் ரெண்டும் நடக்காம மூணாவதை நேரடியா கூப்பிடறீங்க.

அதனால இப்படிப் பண்ணிப் பாருங்க. தினமும் ஒரு குறிப்பிட்ட நேரம், அரை மணியா இருந்தாலும் போதும், கதையோட உட்காருங்க, எழுத வராட்டி எங்க முட்டுதுன்னு எழுதுங்க, 'இவ ஏன் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும், எனக்கே தெரியல' அப்படீன்னு. கேள்வி தெளிவா மண்டைக்குள்ள போகணும், அது முக்கியம். அப்புறம் எழுந்து நடங்க. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 2014-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, உட்கார்ந்திருந்ததைவிட நடக்கும்போது புதுப்புது யோசனைகள் சராசரியா 60 சதவீதம் கூடுச்சு, வெறும் சுவரைப் பார்த்துக்கிட்டு ட்ரெட்மில்ல நடந்தவங்களுக்கும்கூட கூடுச்சு, அதனால அழகான இடம் வேணும்னு தேட வேண்டியதில்ல. அதே ஆய்வுல ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு நடக்கிறது உதவல, கொஞ்சம் குறையத்தான் செஞ்சுது. அதாவது யோசனை வேணும்னா நடங்க, திருத்தம் பண்ணணும்னா உட்காருங்க.

நடக்கும்போது காதுல எதையும் மாட்டிக்காதீங்க. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இடைவெளின்னு ஒண்ணு இருந்தாத்தான் மண்டைக்குள்ள போன கேள்வி அங்க புரண்டு படுக்கும், நம்ம நாள்ல இருந்த சின்னச் சின்ன இடைவெளி எல்லாத்தையும் இப்ப போன் எடுத்துக்கிச்சு, லிஃப்டுக்கு நிக்கிற நேரம் உட்பட.

கேள்வி: யோசனைகளை நோட்டுல குறிச்சு வைக்கணுமா, போன்ல வச்சா போதுமா?

பதில்: எது கைக்கு எட்டுதோ அது. எதுல எழுதறோங்கிறதைவிட எதை எழுதறோங்கிறதுதான் விஷயம். டார்வினுக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு, தன் கருத்துக்கு எதிரா ஒரு தகவல் கண்ணுல பட்டா உடனே குறிச்சு வச்சிருவார், ஏன்னா சாதகமானதைவிட அந்த மாதிரி விஷயம்தான் சீக்கிரம் மறந்துபோகுதுன்னு கவனிச்சிருந்தார். லியனார்டோ டா வின்சியோட குறிப்புகள்ல இன்னைக்கு நம்ம கையில இருக்கிறதே ஆயிரக்கணக்கான பக்கங்கள், அதுல ஒரு இடத்துல மரங்கொத்தியோட நாக்கை விவரிக்கணும்னு தனக்கே ஒரு வேலை எழுதி வச்சிருக்கார். உங்களுக்கு உதைக்கிறது, புரியாதது, எரிச்சல் பண்றது, இதையெல்லாம் எழுதுங்க. அழகான வாசகங்களைச் சேர்த்து வச்சு பெருசா பிரயோஜனம் இல்லங்கிறது என் அபிப்பிராயம். மாசத்துக்கு ஒரு தடவையாவது பழைய பக்கங்களைத் திரும்பப் படிக்கணும், அதைச் செய்யாம குறிச்சு மட்டும் வைக்கிறவங்கதான் அதிகம்.

கேள்வி: மேடம், நான் இல்லஸ்ட்ரேட்டர். குழந்தை பிறந்து ரெண்டு வருஷம் ஆகுது. முன்னாடி நாள் முழுக்க வரைவேன், இப்ப அதிகபட்சம் அரை மணி கிடைக்குது, அதுல பாதி எங்க விட்டோம்னு ஞாபகப்படுத்தறதுலயே போகுது. திரும்பவும் பழைய மாதிரி ஆவேனா?

பதில்: பழைய மாதிரி ஆகணும்னு ஏன் நினைக்கறீங்கம்மா, அந்த நாள் முழுக்க இருந்த நேரம் இப்போதைக்குத் திரும்ப வராது, அதுக்காக ஏங்கறதுல இருக்கிற அரை மணியும் கரைஞ்சுடும். அந்த அரை மணிக்குத் தகுந்த வேலை எதுன்னு பாருங்க. பெரிய படத்தைத் துண்டு போட்டு வரையறதைவிட சின்ன சைஸ்ல, ஒரே உட்காரல்ல முடியற மாதிரி, ரெண்டு கலர் மட்டும்னு ஒரு வரம்பு வச்சுக்கிட்டு வரையுங்க. இதை வசதி இல்லாதவங்க பண்ற சமாளிப்புன்னு நினைக்காதீங்க, வரம்பு இருந்தா முடிவெடுக்க வேண்டியது குறையும், கை உடனே ஓடும்.

எங்க விட்டோம்னு தேடறதுக்கு எழுத்தாளர்கள்கிட்ட ஒரு பழைய வழி இருக்கு. ஹெமிங்வே அன்னைக்கு எழுதறதை நிறுத்தும்போது அடுத்து என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்ச இடத்துலதான் நிறுத்துவார். முடிச்சுட்டு நிறுத்தறது கிடையாது. நீங்களும் கண்ணு வரைஞ்சு முடிச்சு மூக்கு வரப்போகுதுன்னா அங்கேயே பென்சிலை வச்சுட்டு, ஓரத்துல ஒரு வரி, 'அடுத்து மூக்கு, நிழல் இடது பக்கம்' அப்படீன்னு எழுதிட்டு எழுந்திருங்க. மறுநாள் உட்கார்ந்ததும் கை தானா அங்க போகும். பேப்பர், பென்சில் எல்லாத்தையும் எடுத்து வைக்காம அப்படியே விரிச்சு வச்சிருக்க ஒரு மூலை கிடைச்சா (குழந்தை கைக்கு எட்டாத உயரத்துல), அதுவே உங்களுக்குப் பெரிய மிச்சம்.

இன்னொண்ணு, வீட்ல இருக்கிற மத்தவங்ககிட்ட அந்த அரை மணியை 'ஃப்ரீ டைம்'னு சொல்லாதீங்க. வேலை நேரம்னு சொல்லுங்க. அந்த நேரத்துக்குக் குழந்தையை யாராவது பார்த்துக்கணும், அதைக் கேட்டு வாங்கிக்கறது உங்க உரிமை.

கேள்வி: எனக்குத் தோணறது எல்லாம் ஏற்கெனவே யாரோ பண்ணிட்டாங்க. ஆன்லைன்ல தேடினா அதே மாதிரி பத்து இருக்கு. அப்புறம் எதுக்குப் பண்ணணும்?

பதில்: பண்றதுக்கு முன்னாடி தேடாதீங்க, முதல்ல அதுதான். ஒரு வரைவாவது முடிச்சுட்டுத் தேடுங்க, அப்ப உங்களுக்கும் அவங்களுக்கும் எங்க வித்தியாசம்னு கண்ணுக்குத் தெரியும். வெறும் யோசனையா இருக்கும்போது எல்லாமே ஒண்ணு மாதிரிதான் தெரியும்.

பார்த்துச் செய்யறதைப் பத்தி இவ்வளவு பயப்படவும் வேண்டாம். பாக் இளம் வயசுல விவால்டியோட இசையை எடுத்து கீபோர்டுக்காக மாத்தி மாத்தி எழுதிப் பழகினவர். வான் கோ 1887-ல ஹிரோஷிகேயோட ஜப்பான் அச்சுப்படங்களைப் பார்த்து ஆயில் பெயின்ட்ல வரைஞ்சார், அதுக்கு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மருத்துவமனையில இருந்தப்ப மில்லேயோட கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து தன் கலர்ல வரைஞ்சார். அந்தக் கலர் மில்லேகிட்ட இல்ல, வரைய வரைய வான் கோ கையில வந்தது. ஒருத்தரோடதை அப்படியே எடுத்து உங்க பேர்ல வெளியிடறது திருட்டு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கத்துக்கறதுக்காக ஒருத்தர் செஞ்சதை வரி வரியா செஞ்சு பார்க்கிறதும், எங்கெல்லாம் உங்க கை அதுல இருந்து விலகுதுன்னு கவனிக்கிறதும் பயிற்சி. விலகற அந்த இடங்களைக் குறிச்சு வச்சுக்கோங்க, உங்களோடதுன்னு ஒண்ணு அங்கதான் தொடங்குது.

கேள்வி: போட்டோகிராஃபி எனக்கு உயிரா இருந்துச்சு. அதையே தொழிலாக்கி ஆறேழு வருஷம் ஆச்சு, சம்பாத்தியம் பரவாயில்ல. ஆனா இப்ப லீவு நாள்ல கேமராவைத் தொடவே பிடிக்கல. இன்ஸ்டாகிராம்ல எத்தனை லைக் வருதுங்கிற கணக்கு வேற. பிடிச்சதைத் தொழிலாக்கினது தப்பா அக்கா?

பதில்: தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா இப்படி நடக்கும்னு யாராவது முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், ஏன்னா இது உங்க தனிப்பட்ட பலவீனம் கிடையாது, நல்லா ஆராயப்பட்ட விஷயம். 1973-ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் படம் வரைய ரொம்பப் பிடிச்ச நர்சரி குழந்தைகளை வச்சுப் பார்த்தாங்க. வரைஞ்சா அழகான சான்றிதழ் தருவோம்னு முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னாடி பரிசு எதுவும் இல்லாத சாதாரண நேரத்துல வரையறது வெகுவா குறைஞ்சுபோச்சு. சொல்லாம திடீர்னு பரிசு வாங்கின குழந்தைகளுக்கு அப்படி ஆகல. 1985-ல தெரசா அமாபிலே 72 எழுத்தாளர்களைக் கவிதை எழுதச் சொன்னாங்க, எழுதறதுக்கு முன்னாடி காசு, புகழ் மாதிரியான காரணங்களைப் படிச்சு வரிசைப்படுத்தினவங்களோட கவிதை மத்தவங்களோடதைவிட மட்டமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் அதை நினைச்சதுக்கே இப்படின்னா, தினமும் லைக் எண்ணறது என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க.

அதுக்காகத் தொழிலை விடச் சொல்லல. விக்காத ஒண்ணை வச்சுக்கோங்க. உங்க தொழில் கல்யாணம், விழான்னா அதுல வராத ஒரு விஷயத்தை, கைகளை மட்டும், இல்ல சுவர்ல விழற நிழலை மட்டும் எடுங்க. யாருக்கும் அனுப்ப வேண்டாம், எங்கயும் போட வேண்டாம், முடிஞ்சா வேற கேமரால எடுங்க, ஏன்னா தொழில் கேமராவைக் கையில எடுத்ததும் மண்டை கஸ்டமர் மாதிரி யோசிக்க ஆரம்பிச்சிடும். முதல் கொஞ்ச நாள் சந்தோஷம் வராது, யாருக்குக் காட்டப் போறோங்கிற அரிப்புதான் இருக்கும், அது அடங்கற வரைக்கும் விடாதீங்க.

இதை இன்னொரு பக்கத்துல இருந்து பார்த்தவர் சுஜாதா. பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதுல பங்கு உண்டு, அந்த வேலையை வச்சுக்கிட்டேதான் நிறைய எழுதினார். சோறு போடறதுக்கு ஒரு வேலை தனியா இருந்ததால எழுத்துல எதை வேணாலும் முயற்சி பண்ணிப் பார்க்க முடிஞ்சுதுன்னு நான் நினைக்கிறேன். பிடிச்சதைத் தொழிலாக்காதவங்க ஏதோ கோழைங்க மாதிரி இப்ப பேசறாங்களே, அதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

கேள்வி: மணிக்கட்டு வலியால முன்ன மாதிரி மணிக்கணக்கா வரைய முடியல. டாக்டர் குறைக்கச் சொல்லிட்டார்.

பதில்: குறைங்க, டாக்டர் சொல்றதை மீறாதீங்க. கருவியை மாத்த முடியுமான்னு பாருங்க. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-ல பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் நின்னுக்கிட்டு வரைய முடியாம ஆனப்ப, கலர் பூசின பேப்பரைக் கத்தரிக்கோலால வெட்டி உருவாக்க ஆரம்பிச்சார், பெரும்பாலும் படுக்கையிலயும் சக்கர நாற்காலியிலயும் இருந்துக்கிட்டே. பேப்பரைச் சுவர்ல பொருத்தறதுக்கு உதவியாளர்கள் இருந்தாங்க. உதவி வாங்கறதுக்கு நீங்களும் தயங்காதீங்க.

கேள்வி: ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகுது. கணக்குத் துறையில இருந்தவன். கல்லூரி நாள்ல கதை எழுதியிருக்கேன், பிரசுரமும் ஆச்சு, அதுக்கப்புறம் குடும்பம், வேலைன்னு விட்டுப்போச்சு. இப்ப ஆரம்பிச்சா சிரிப்பாங்களா?

பதில்: ஐயா, தாராளமா ஆரம்பிங்க, அதுவும் கணக்குத் துறையில இருந்து வர்ற உங்களுக்கு நல்ல முன்னோடி ஒருத்தர் இருக்கார். அ. முத்துலிங்கத்தோட முதல் சிறுகதைத் தொகுப்பு 1964-ல வந்துச்சு. அவரும் கணக்குத் துறைக்காரர்தான், வேலைன்னு நாடு நாடா போயிட்டார், அடுத்த தொகுப்பு 1995-ல. நடுவுல முப்பது வருஷம். அப்புறம் அவர் எழுதின கதைகளைப் படிச்சவங்களுக்குத் தெரியும், அந்த நாடுகளும் அந்த மனுஷங்களும்தான் அவரோட சொத்து. தாகூர் ஓவியத்துக்கு வந்தது அறுபது வயசுக்கு மேல, கையெழுத்துப் பிரதியில அடிச்ச வரிகளை உருவமா மாத்தி மாத்திக் கிறுக்கினதுல இருந்து தொடங்கி, 1930-ல பாரிஸ்ல முதல் கண்காட்சி, மொத்தம் 2000-க்கு மேல ஓவியங்கள்.

ஆனா கல்லூரியில எழுதின மாதிரி எழுதப் பார்க்காதீங்க. அந்தப் பையனோட நடை உங்களுக்கு இப்ப பொருந்தாது. இத்தனை வருஷம் மத்தவங்க வரவு செலவைப் பார்த்திருக்கீங்க, ஒரு குடும்பமோ கம்பெனியோ எங்க பொய் சொல்லுதுன்னு எண்ணை வச்சே கண்டுபிடிச்சிருப்பீங்க, அது எழுத்தாளர்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? அங்க இருந்து தொடங்குங்க (பேரெல்லாம் மாத்திடுங்க). உடம்பு முன்ன மாதிரி ஒத்துழைக்காது, அதனால நாவல்னு குதிக்காம நாலு பக்கக் கதையா ஆரம்பிச்சு முடிச்சுப் பழகுங்க. சிரிக்கிறவங்க யாருன்னு நீங்க எழுதல, மனசுல யாரோ ரெண்டு பேர் இருக்காங்கன்னு மட்டும் தெரியுது, முதல் பத்து கதையை அவங்களுக்குக் காட்டாதீங்க.

கேள்வி: ஆறு மாசமா எதுவுமே வரல அக்கா. விளம்பர ஏஜென்சியில கிரியேட்டிவ் டீமை லீட் பண்றேன். ஒரு காலத்துல மீட்டிங்ல நான் வாயைத் திறந்தா பத்து ஐடியா வரும். இப்ப ராத்திரி தூக்கமும் இல்ல, பிடிச்ச பாட்டு கேட்டாக்கூட ஒண்ணும் தோணல. நான் முடிஞ்சுபோயிட்டேனா?

பதில்: இல்லம்மா. உங்க கடிதத்துல ஐடியா வரலைங்கிறதைவிட தூக்கம் இல்லைங்கிறதும், பிடிச்ச பாட்டுகூட எட்டலைங்கிறதும்தான் எனக்குப் பெருசா பட்டுச்சு. இது ஆறு மாசமா நீடிக்குதுன்னா கிரியேட்டிவிட்டி டிப்ஸ் எதையும் தேடாம முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க, மனநல டாக்டரா இருந்தா இன்னும் நல்லது. மனச்சோர்வுக்கு சிகிச்சை இருக்கு. கற்பனை வறண்டுபோச்சுன்னு பலபேர் வருஷக்கணக்கா தன்னையே திட்டிக்கிட்டு இருப்பாங்க, உள்ள இருக்கிறது உடம்பும் மனசும் சம்பந்தப்பட்ட வேற பிரச்சினையா இருக்கும். இதை தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க.

அது ஒரு பக்கம் நடக்கட்டும். இன்னொரு பக்கம், டீமை லீட் பண்றேன்னு எழுதியிருக்கீங்க, அப்படீன்னா உங்க நாள்ல பெரும்பகுதி மத்தவங்க யோசனையைத் தரம் பார்க்கிறதுலதான் போகும். வேண்டாம், இது சரியில்ல, இதை மாத்துன்னு நாள் முழுக்க சொல்லிக்கிட்டே இருந்தா அந்தக் குரல் உங்க சொந்த யோசனை மேலயும் திரும்பும், அது பாதி பிறக்கும்போதே வெட்டிடும். இறைக்கிற கிணறு ஊறும்னு சொல்வாங்க, ஊறுறதுக்கு நேரம் விட்டாத்தான் ஊறும். வாரத்துல ஒரு பொழுது தரம் பார்க்கிற வேலையே இல்லாம ஒதுக்க முடியுமான்னு ஆபீஸ்ல கேளுங்க. அந்தப் பொழுதுல விளம்பரத்தோட சம்பந்தமே இல்லாத ஏதாவது ஒண்ணை, களிமண்ணோ, மரவேலையோ, தெரியாத ஒரு மொழியோ, தொடக்கத்துல இருக்கிற மாணவியா போய்க் கத்துக்கோங்க. அங்க யாரும் உங்ககிட்ட பத்து ஐடியா எதிர்பார்க்க மாட்டாங்க. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி 1871-க்கு அப்புறம் அடுத்த ஓபராவை (பாட்டாவே நடக்கிற நாடகம்) மேடையேத்தினது 1887-ல, அதுக்கும் அப்புறம் 79 வயசுல இன்னொண்ணு, அதுவும் நகைச்சுவை. ஆறு மாசத்தை வச்சு முடிவு கட்டாதீங்க.

கேள்வி: எங்க ஆபீஸ்ல புது யோசனைக்காக எல்லாரையும் ஒரு ரூம்ல உட்கார வச்சு பிரைன்ஸ்டார்மிங் பண்றாங்க. ஒரு மணி நேரம் பேசறோம், ஒண்ணும் தேறல. கூச்ச சுபாவம் உள்ளவங்க வாயே திறக்கறதில்ல. இதை எப்படிச் சரி பண்றது?

பதில்: அலெக்ஸ் ஆஸ்போர்ன்னு ஒரு விளம்பரத் துறைக்காரர் பிரபலப்படுத்தின முறை அது. 1958-லயே யேல் பல்கலைக்கழகத்துல இதைச் சோதிச்சுட்டாங்க. நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்து சொன்ன யோசனைகளைவிட, நாலு பேர் தனித்தனியா யோசிச்சதைக் கூட்டிப் பார்த்தா கணிசமா அதிகமா இருந்துச்சு, பின்னாடி வந்த ஆய்வுகள்லயும் திரும்பத் திரும்ப இதே முடிவுதான். காரணம் எளிது, ஒருத்தர் பேசும்போது மத்தவங்க காத்திருக்கணும், காத்திருக்கிறதுக்குள்ள தன் யோசனை நழுவிடும், என்ன நினைப்பாங்களோங்கிற பயம் வேற. நீங்க கூச்ச சுபாவம்னு சொல்றவங்ககிட்ட யோசனை இல்லாம இல்ல, இறங்கறதுக்கு இடம்தான் இல்ல.

கேள்வியை முந்தின நாளே எல்லாருக்கும் அனுப்பிடுங்க. கூட்டத்துல முதல் பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது, எழுதறது மட்டும். சீட்டுல பேர் போட வேண்டாம், எல்லாத்தையும் கலந்து சுவர்ல ஒட்டிட்டு அப்புறமா பேச ஆரம்பிங்க, மேனேஜரைக் கடைசியா பேசச் சொல்லுங்க. அவர் ஒத்துக்க மாட்டார்னா, அவர் இல்லாத ஒரு சின்ன கூட்டத்துல முதல்ல பண்ணிக் காட்டி, அந்தச் சீட்டுகளைக் கொண்டுபோய் அவர் மேஜையில வைங்க.